அஸ்தானா வாங்கி வந்த பட்டாணி

"கல்லு," என்றாள் விபா.

அஸ்தானா இன்னும் கழுத்து மஃப்ளரைக்கூட அவிழ்க்கவில்லை. பையை மேசைமேல் வைத்து அரை நிமிஷம் ஆகியிருக்காது. அதற்குள் அவள் ஒரு காயை எடுத்துப் பிளந்து, நடுவில் இருந்த மணியை முன்பற்களுக்கு இடையில் வைத்துக் கடித்து, தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

"எது கல்லு?"

"நீங்க கொண்டு வந்திருக்கறதுதான். பட்டாணின்னு கேட்டு வாங்கினீங்களா, கோலிக்குண்டுன்னு கேட்டு வாங்கினீங்களா?"

"பச்சைப் பசேல்னு இருக்கே விபா. நல்லாப் பாரு."

"நிறத்தைச் சமைக்கவா போறேன்? தோலைப் பாருங்க, வலை வலையா ஓடிக் கிடக்கு. முத்தல். இதை அடுப்புல ஏத்தினா கேஸ்தான் தீரும். போய் மாத்திட்டு வாங்க."

தேவகிநந்தன் அஸ்தானா அலகாபாத் ஹைகோர்ட்டின் ஆவண அறையில் முப்பத்து நாலு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவர். போலி முத்திரையையும் சுரண்டித் திருத்திய தேதியையும் அவர் கட்டைப் பிரிக்காமலே மோப்பம் பிடித்துவிடுவார் என்று வக்கீல்கள் பேசிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு கிலோ பச்சைப் பட்டாணி வாங்கத் தெரியாது என்பது இந்தக் குளிர்காலத்தில்தான் தெரியவந்தது. அதுவரை காய்கறி மனைவி விபாவின் இலாகா. இந்த வருஷம்தான் முழங்கால் வலி என்று சொல்லிப் பையை அவர் கையில் கொடுத்திருந்தாள்.

அதுவும் வேறு எந்தக் காயாக இருந்தாலும் பரவாயில்லை. தை பிறந்தால் அவர்கள் குடியிருந்த அல்லாபூரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பட்டாணிதான். காலையில் பட்டாணி போட்டுத் தாளித்த அவல், மத்தியானம் பட்டாணியை அரைத்துவிட்ட நிமோனாக் குழம்பு, சாயங்காலம் டீயோடு வதக்கின பட்டாணி. மூன்று வேளையும் அவர் வாங்கி வந்தது அவர் தட்டிலேயே வந்து விழும், கூடவே விபாவின் விமரிசனமும்.

அஸ்தானா பையை எடுத்துக்கொண்டு தெருமுனைத் தள்ளுவண்டிக்குப் போனார்.

வண்டிக்காரன் பையைத் திறந்து பார்த்தான். "ஒரு காய் பிளந்திருக்கே பாபுஜி."

"ருசி பார்க்கப் பிளந்தது."

"அப்போ எச்சில் ஆயிடுச்சே."

"ஒரு காயைத்தானேப்பா கடிச்சா!"

"எந்தக் காயைக் கடிச்சாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? முழுசுமே எச்சில்னுதானே நான் எடுத்துக்கணும்?"

ஆவண அறையில் இந்த வாதத்துக்குப் பதில் இருந்திருக்கும். தள்ளுவண்டி முன்னால் அவர் பையைத்தான் திரும்ப வாங்கிக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பிப் போனால் இன்னொரு தரம் "கல்லு" கேட்க வேண்டும். எனவே அவர் அலோபிபாக் மண்டியைப் பார்த்து நடந்தார். நல்ல ஒரு மைல். குழாய் பதிக்கிறோம் என்று தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் ரிக்‌ஷா எதுவும் உள்ளே வருவதில்லை. வந்திருந்தாலும் ஒரு கிலோ பட்டாணிக்கு ரிக்‌ஷா ஏறுகிற ஆள் இல்லை அஸ்தானா.

மண்டியில் பூல்மதி என்று ஒருத்தி; விபா வழக்கமாகக் காய் வாங்கியது அவளிடம்தான். கோணிமேல் உட்கார்ந்து, முன்னால் பட்டாணியை மலையாகக் குவித்து, கத்தரிப்பூ நிறச் சால்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருப்பாள். குரல் மட்டும் மண்டியின் அந்தக் கோடி வரை போகும். அவளிடம் அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் பையைக் கவிழ்த்து ஒருபக்கமாக ஒதுக்கினாள்.

"விடுங்க பாபுஜி. இது எங்க வீட்டு எருமைக்கு ஆகும். உங்களுக்கு நான் வேற தரேன்."

"இது உன்கிட்ட வாங்கினது இல்லையேம்மா."

"அதனால என்ன? கோர்ட்டு மனுஷர் வெறும் பையோட திரும்பிப் போறதா?"

அஸ்தானாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஹைகோர்ட்டின் பெருமையை உணர்ந்தவர்கள் மண்டியில்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

விபா புதுக் காயைப் பிளந்தாள். கடித்தாள்.

"தண்ணி."

"இப்போ என்ன?"

"பால் குடிக்கிற குழந்தைங்களை எல்லாம் தூக்கிட்டு வந்திருக்கீங்க. மணி பிடிக்கவே இல்லை. இதை அரைச்சா நிமோனா வராது, கஷாயம்தான் வரும்."

"முத்தினதும் கூடாது, பிஞ்சும் கூடாதுன்னா..."

"நடுவுல ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேருதான் பட்டாணி. போங்க, வெயில் ஏறறதுக்குள்ள மாத்திட்டு வந்துடுங்க."

அன்றைக்கு அவர் மூன்று தடவை போய்வந்தார். மூன்றாவது பையைப் பார்த்து, "ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்கு, சரி, இன்னிக்கு இது போதும்," என்று விபா பெரிய மனசு பண்ணி அடுப்பில் ஏற்றினாள். மத்தியானம் அஸ்தானா ஐந்து ரொட்டி சாப்பிட்டார். வழக்கமாக இரண்டரை. தனக்கே வெட்கமாக இருந்தது. பட்டாணி வாங்கத் தெரியாதவனுக்கு இவ்வளவு பசி எதற்கு?

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். ஒரு நாள் காய்க்குள் புழு. இன்னொரு நாள் புழு எதுவும் இல்லை, "இதைப் புழுகூட வேண்டாம்னு விட்டுட்டுப் போயிருக்கு" என்றாள். ஒரு நாள் காய் சூடாக இருந்தது. குவியலின் அடியிலிருந்து எடுத்ததாம், வெந்துபோன வாசனை வருகிறதாம். அஸ்தானா முகர்ந்து பார்த்தார். அவருக்குப் பட்டாணி வாசனைதான் வந்தது. பூல்மதி ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. "மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்களா? கொடுங்க, கொடுங்க," என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

இரண்டு வாரம் ஆனது. அவமானம் ஒரு பழக்கமாகிப் போனது. ஆனால் பழகிய அவமானமும் ஒரு நாள் சுருக்கென்று குத்தும் அல்லவா? ஒரு வியாழக்கிழமை அவள், "தெருவுல போற மாட்டைக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருந்தா அதுவாவது நல்ல காயா எடுத்துக் காட்டியிருக்கும்," என்று சொல்லிவிட்டாள். அஸ்தானா பையோடு வாசலில் இறங்கினார். படிக்கட்டில் நின்றார். கீழே போகாமல் மேலே ஏறினார்.

மேல்மாடியில் சன்யால் தீதி, அதாவது சன்யால் அக்கா, இருந்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற வங்காளத்து அம்மாள். தனிக்கட்டை.

"தீதி, இந்தப் பையைக் கொஞ்ச நேரம் இங்கே வெச்சுக்கறேன். அப்படியே உங்க பால்கனியில கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்."

"தாராளமா உட்காருங்க அஸ்தானா பாபு. முகமெல்லாம் வாடியிருக்கே, என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்லை. ஒரு மணி நேரம் கழிச்சு இதே பையோட கீழே இறங்கிடுவேன்."

திட்டம் அவ்வளவுதான். போய்வர ஆகும் நேரத்தை இங்கே கழித்துவிட்டு, அதே பட்டாணியை மாற்றிய பட்டாணி என்று கொடுத்துவிடுவது. ஆயுளில் ஓர் ஆவணத்தைக்கூடப் பொய்யாகத் தாக்கல் செய்யாத மனிதர் இந்த அளவுக்கு இறங்கியிருந்தார்.

பால்கனியில் இதமான வெயில். பிரம்பு நாற்காலி. அஸ்தானா கண்ணை மூடினார்.

திறந்தபோது பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய உரித்த பட்டாணி இருந்தது. அதன் பக்கத்தில் தோல் குவியல். தீதி கடைசி இரண்டு காய்களை உரித்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"தீதி! என்ன பண்ணிட்டீங்க!"

"என்ன பண்ணினேன்? ஆசையாக் கொண்டு வந்து கொடுத்தீங்களேன்னு உரிச்சேன். என்ன அருமையான பட்டாணி! இதுல கச்சோரி பண்ணினா அப்படி வரும். விபாவுக்கும் அனுப்பறேன் பாருங்க."

"நான் கொடுக்கலை தீதி. வெச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

ஆகக் கடைசியில் அலோபிபாக் வரை ஓட்டமும் நடையுமாகப் போய் வேறு ஒரு கிலோ வாங்கி வந்து, "போயிட்டு வர இவ்வளவு நேரமா?" என்பதையும் கேட்டுக்கொண்டு, அந்தப் பட்டாணியும் தவிடு என்பதைத் தெரிந்துகொண்டு, நாற்காலியில் விழுந்தார்.

சாயங்காலம் மேல்மாடியிலிருந்து தட்டு வந்தது. தீதியே கொண்டு வந்தாள். பூரி மாதிரி உப்பிய கச்சோரி. பிய்த்தால் உள்ளே பச்சையாகப் பட்டாணிப் பூரணம், இஞ்சியும் பெருங்காயமும் மணக்க.

விபா ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடினாள்.

"இது," என்றாள் விபா, "இதுதான் பட்டாணி! என்ன இனிப்பு, என்ன மிருது! தீதி, எங்கே வாங்கினீங்க?"

தீதி அஸ்தானாவைப் பார்த்தாள். அஸ்தானா விபாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் கூப்பி நின்றார். தீதிக்கு என்ன புரிந்ததோ.

"கட்ராவுல," என்றாள்.

"கட்ரா வரைக்கும் போனீங்களா!"

"மணிக்கூண்டுப் பக்கம். ஒரு தாடிக்காரர்."

"என்னங்க, கேட்டுதா?"

"கேட்டுது," என்றார் அஸ்தானா.

கட்ரா இரண்டு மைலுக்குக் குறையாது. மறுநாள் காலை அங்கே போய்ப் பார்த்தால் மணிக்கூண்டுப் பக்கம் மூன்று தாடிக்காரர்கள் காய் விற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வந்தார். எந்தத் தாடி என்று பிறகு தெரிந்துகொள்ளலாம் என்று தனித்தனிப் பொட்டலமாக வேறு கட்டியிருந்தார்.

விபா மூன்றையும் கடித்துப் பார்த்தாள். "இந்த மூணு தாடியும் இல்லை. தீதிக்குக் கிடைச்சது வேற. உங்க முகத்தைப் பார்த்தா யாருக்கும் நல்ல காய் கொடுக்கத் தோணாது போலிருக்கு. திரும்பிப் போய் விசாரிங்க."

அன்றைக்கு வந்த கோபம் அஸ்தானாவுக்கு ஆவண அறையில்கூட வந்ததில்லை. வந்த கோபத்தில் ஒரு காரியம் செய்தார். பூல்மதியிடம் போய் ஒரே குவியலில், ஒரே கையால், இரண்டு கிலோ அள்ளிப் போடச் சொன்னார். அதை அவரே ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு பையில் பிரித்தார். ஒரு பையை மேல்மாடிக்குக் கொண்டுபோய், "இதை உங்க பட்டாணின்னு விபாகிட்டக் கொடுங்க தீதி, வேற ஒண்ணும் கேட்காதீங்க," என்றார். இன்னொன்றைத் தன் கையால் கொடுத்தார்.

இரண்டு பையும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. விபா தீதியின் பையிலிருந்து ஒரு காய் எடுத்தாள்.

"வெண்ணெய்."

அவர் பையிலிருந்து ஒரு காய் எடுத்தாள். நிதானமாக மென்றாள்.

"ம்."

"ம்னா என்ன?"

"இதுக்கும் பட்டாணின்னுதான் பேரு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"விபா! ரெண்டும் ஒரே மாதிரி இல்லை?"

"பார்க்க."

"ருசியில?"

"தீதி கைராசி வேற, உங்க கைராசி வேற. என்ன பண்றது? இது கொஞ்சம் ஆட்டுக்குப் போடற ரகம். மண்டி மூடறதுக்குள்ள போய் மாத்திட்டு வந்துடுங்க, ராத்திரிக்கு வேணும்."

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் பால்கனித் தூக்கத்திலிருந்து எல்லாம் வெளியே வரும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு அஸ்தானா பையை எடுத்தார். ஆட்டுக்குப் போடுகிற ரகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகும்போது ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. அவள் கடிப்பது காயை இல்லை, அதைக் கொண்டு வந்த ஆளை. அவர் பெயரே இல்லாமல், சமைத்த பண்டமாக அவள் நாக்கில் போய் விழுந்தால்தான் நியாயம் கிடைக்கும்.

அவரே நிமோனா வைப்பது என்று முடிவு செய்தார். அறுபத்து மூன்று வயது வரை டீ போட்டதுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விபா நைனியில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் காலையிலேயே கிளம்பினாள். ஒரு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். அவள் தலை மறைந்ததும் அஸ்தானா மண்டியில் இருந்தார்.

"பூல்மதி, நிமோனா எப்படி வைக்கறது?"

அவள் தராசைக் கீழே வைத்துவிட்டாள். "யாரு வைக்கப் போறாங்க?"

"நான்தான்."

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"அம்மா நல்லா இருக்கா. உடம்பு சரியில்லாதது எனக்குத்தான். சொல்லு, எழுதிக்கறேன்."

சட்டைப்பையிலிருந்து காகிதமும் பேனாவும் வந்தன. பூல்மதி சொல்லச் சொல்ல எழுதினார். பட்டாணியில் முக்கால் பங்கை ஒன்றிரண்டாக அரை, மிச்சத்தை முழுசாக வை. கடுகெண்ணெய் புகையட்டும். உளுந்து வடகத்தை முதலில் சிவக்க வறுத்து எடுத்துக்கொள். உருளைக்கிழங்கைப் பொன்னிறமாகப் பிரட்டு. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் விழுது. அப்புறம் அரைத்த பட்டாணி, எண்ணெய் பிரியும் வரைக்கும். பக்கத்தில் முள்ளங்கி வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "வெங்காயம் போடக் கூடாது" என்றாள். இன்னொருத்தி, "யாரு சொன்னா? வெங்காயம் இல்லாம என்ன நிமோனா?" என்றாள். இருவரும் சண்டையைத் தொடங்க, அஸ்தானா இரண்டையும் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

உரிக்கும்போதே ஒரு விபரீதம் தெரிந்தது. பட்டாணி உரிக்கிறவன் வாய் சும்மா இருக்காது. நாலு காய்க்கு ஒரு காய் வாய்க்குள் போனது. இனித்தது. ஒவ்வொரு மணியும் இனித்தது. 'இதையா ஆட்டுக்குப் போடற ரகம் என்றாள்?' என்று சோதிப்பதற்காகவே இன்னும் கொஞ்சம் தின்றார். உரித்து முடித்தபோது கிண்ணம் பாதிதான் இருந்தது.

மிக்ஸியில் போட்டுச் சுற்றினார். ஒன்றிரண்டாக அரைப்பது என்பது எப்போது நிறுத்துவது என்பது சம்பந்தப்பட்ட வித்தை என்று அவருக்குத் தெரியவில்லை. சுவருக்கு அடிக்கிற பச்சைச் சாயம் மாதிரி வந்துவிட்டது. இதை ஈடுகட்ட முழுப் பட்டாணி வேண்டும். முழுசெல்லாம் வயிற்றில் இருந்தது. சரி, உருளைக்கிழங்கைக் கூடப் போட்டால் கெட்டிப்படும் என்று இரண்டு கிழங்கு சேர்த்தார். கடுகெண்ணெய் புகையட்டும் என்று எழுதியிருந்ததே தவிர எவ்வளவு புகையட்டும் என்று எழுதவில்லை. சமையலறையில் கை நீட்டினால் கை தெரியவில்லை. வடகம் சிவந்து, கறுத்து, மேலும் கறுத்தது.

"அஸ்தானா பாபு! தீப்பிடிச்சிருச்சா?" மேலிருந்து தீதி ஓடி வந்தாள்.

"நிமோனா தீதி."

தீதி மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். "கசக்குதே. ஒரு பிடி சர்க்கரை போடுங்க."

"நிமோனாவுல சர்க்கரையா?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் சர்க்கரை வேணும். நீங்க போடுங்க, நான் சொல்றேன்."

போட்டார். இப்போது கசப்போடு இனிப்பும் இருந்தது. இனிப்பைக் குறைக்க உப்பு. உப்பைக் குறைக்கத் தண்ணீர். தண்ணீரைக் குறைக்க அடுப்பைப் பெரிதாக வைத்தார். அடி பிடித்தது. அந்த வாசனையை மறைக்க தீதி இரண்டு சிட்டிகை பெருங்காயம் போட்டாள். அவள் போட்டதை அறியாமல் அவரும் போட்டார். கடைசியில் ஃப்ரிட்ஜில் வாடிக் கிடந்த கொத்தமல்லியைக் கிள்ளித் தூவி மூடி வைத்தார்கள்.

"மேலுக்கு ஒரு ஸ்பூன் நெய் விட்டுடுங்க," என்றாள் தீதி, கிளம்பும்போது. "கடவுள் இருக்கார்."

ஒரு மணிக்கு விபா வந்தாள். சமையலறைச் சுவரைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அவர் புருவத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் கொஞ்சம் கருகியிருந்தது. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அஸ்தானா சாதத்தின்மேல் நிமோனாவை ஊற்றினார். முப்பத்து நாலு வருஷத்தில் எத்தனையோ தீர்ப்புகளைக் கட்டி அடுக்கியிருக்கிறார். எதையும் இப்படி நின்றுகொண்டு எதிர்பார்த்ததில்லை.

விபா பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். வடகம் ஒன்றைக் கடித்தாள், சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். தண்ணீர் குடித்தாள். அப்புறம் தட்டை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்."

அவர் ஊற்றினார். அதையும் சாப்பிட்டாள். தட்டை விரலால் வழித்தாள். எழுந்து போகும்போது, அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"பட்டாணி நல்லா இருந்தது."

அஸ்தானா கரண்டியைக் கீழே வைத்தார். "நான்தான் வாங்கினேன்," என்றார் மெதுவாக. "நானே வாங்கி நானே வெச்சேன்."

விபா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறவள் மாதிரி இருந்தது. அப்புறம் வழக்கமான முகம் வந்துவிட்டது.

"கொத்தமல்லிதான் வாடல். அது மட்டும் சரியா இருந்திருந்தா! போய் நல்லதா ஒரு கட்டு வாங்கிட்டு வந்துடுங்க. தெருமுனையில வேண்டாம், மண்டிக்கே போங்க."

அவர் கையில் பையைக்கூட எடுக்காமல் இறங்கினார். தோண்டிப் போட்ட குழியெல்லாம் தாண்டித் தாண்டி, மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வீசி நடந்தார். நிமிர்ந்து பார்த்தால் அலோபிபாக் வந்துவிட்டிருந்தது. மூச்சு வாங்கவில்லை. அதைக் கவனிக்கும் நிலையிலும் அவர் இல்லை.

"பூல்மதி, இன்னிக்கு எனக்கு ஒரு உண்மை தெரிஞ்சாகணும்," என்றார், கோணிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து. "பட்டாணி நல்லா இருந்துதுன்னு அவ வாயால சொல்லிட்டா. சொன்ன வாய் மூடறதுக்குள்ள கொத்தமல்லியில குற்றம். நாளைக்குக் கொத்தமல்லி சரியா இருந்தா இஞ்சியில இருக்கும். நீ இருபது வருஷமா காய் விக்கறவ. உன் குழந்தைங்க மேல சத்தியமாச் சொல்லு. எனக்குக் காய் வாங்கத் தெரியுதா, தெரியலையா?"

பூல்மதி சிரிக்கத் தொடங்கினாள். சால்வை தோளிலிருந்து நழுவி விழும் வரை சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்து உதறி அவர் கையில் வைத்தாள்.

"நீங்க திருப்பிக் கொண்டு வந்த காயைத்தான் பாபுஜி மண்டியில முதல்ல தேடி வாங்கிட்டுப் போறாங்க, ஆனா உங்களைத் தினம் நாலு மைல் நடக்க வைக்கலேன்னா நெஞ்சுல ஆபரேஷன் கத்தி வைக்கணும்னு உங்க வீட்டு அம்மாகிட்ட டாக்டர் சொன்னதும், 'நடங்கன்னு சொன்னா நாற்காலியை விட்டு அசைய மாட்டார், மாத்திட்டு வாங்கன்னு சொன்னா ரோஷத்துல பறந்து வருவார், எத்தனை தடவை வந்தாலும் முகம் சுளிக்காம வாங்கிக்கோ'ன்னு குளிர் தொடங்கினப்பவே வந்து என் கையைப் பிடிச்சு அழுதுட்டுப் போனாங்களே!"